கடல் காணாதவன்

ரங்கூன்,
27 ஜூன் 1937

அன்புள்ள அக்கா மயிலம்மாளுக்கு,

உன் தம்பி அருணகிரி கும்பிட்டு எழுதுவது. கப்பலில் வயிறு புரட்டியதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அப்பாவும் சுகந்தானே? அப்பாவின் கண்ணில் புரை இன்னும் ஏறிவிட்டதா? என் கடிதங்களை நீதான் அவருக்குப் படித்துக் காட்டவேண்டும் என்பதால் எழுத்தைத் தெளிவாகவே எழுதுகிறேன்.

வெள்ளியங்கிரி மாமா துறைமுகத்துக்கே வந்திருந்தார். அம்மா இறந்த வருஷம் என்னைப் பார்த்தவர். அடையாளம் தெரியாமல் வேறொரு பையனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். முகல் தெருவில் அவருடைய துணிக்கடைக்கு மேல் மாடியில் எனக்கு ஓர் அறை. அங்கிருந்து கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன்.

அக்கா, இந்த ஊர் பொழுது சாய்ந்த பிறகுதான் கண் விழிக்கிறது. வெண்ணந்தூரில் விளக்கை அணைத்தால் நாய்ச் சத்தம் மட்டும்தானே கேட்கும்? இங்கே மழை கொட்டுகிறபோதும் தெருவெல்லாம் மின்சார விளக்கு. டீக்கடைகளில் கிராமபோன் பாடுகிறது. சீனன் ஒருவன் மூங்கில் துண்டுகளை டக் டக்கென்று தட்டிக்கொண்டு சேமியா போன்ற ஒன்றை விற்றுப் போகிறான். பர்மாப் பெண்கள் முகத்தில் சந்தனம் மாதிரி எதையோ பூசிக்கொண்டு, கை நீளச் சுருட்டைப் புகைத்தபடி கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார்கள். யாரும் அவர்களை ஒரு வார்த்தை சொல்வதில்லை. நான்தான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

ஒரு விஷயம். நான் புறப்பட்ட அன்று நம் பண்ணையாள் பச்சமுத்துவின் பெண்சாதி அத்தாயி ராசிபுரம் வரை வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள். "சின்னப் பண்ணாடி, எங்கூட்டுக்காரரு அங்கதானுங்க இருக்காரு. பாத்தீங்கன்னா பையன் பொறந்து நடக்கறான்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க சாமி" என்றாள். அவன் போனதிலிருந்து ஒரு தகவலும் இல்லையாமே! நான் அப்போது சேலத்தில் ஹாஸ்டலில் இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியாது. எந்த மில்லுக்குப் போனான் என்று அப்பாவைக் கேட்டு எழுது.

இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் தம்பி,
அருணகிரி

*

வெண்ணந்தூர்,
12 ஜூலை 1937

சிரஞ்சீவி தம்பி அருணகிரிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நாங்கள் நலம். நீ அங்கே வேளா வேளைக்குச் சாப்பிடு. மீன் வாடை ஒத்துக்கொள்ளாவிட்டால் மாமாவிடம் வெட்கப்படாமல் சொல்லு.

உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தடவை படித்தேன். சுருட்டுப் பிடிக்கும் பெண்கள் வந்த இடத்தில் சிரித்தார். பச்சமுத்து இடம் வந்தபோது செம்பில் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "கெமண்டைன் பக்கம் மர மில்லுல இருக்கறான்னு கங்காணி சொன்னான்" என்றார். அந்தக் கங்காணி யார் என்றேன். பேர் ஞாபகமில்லையாம். அவரே பச்சமுத்துவைச் சேலம் ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு வந்தவர். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த இடத்தின் பேரை அத்தாயியிடம் சொன்னேன். அவள் அதை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். புருஷன் இருக்கும் ஊரின் பேர் அவளுக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

எனக்கு நேரம் போவதே உன் கடிதத்தால்தான். புருஷனைச் சாகக் கொடுத்து அப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தவளுக்கு வேறு என்ன வேடிக்கை உண்டு? ராத்திரி பார்ப்பதையெல்லாம் எழுது. படிப்பையும் பார்.

அன்புள்ள அக்கா,
மயிலம்மாள்

*

ரங்கூன்,
25 ஆகஸ்ட் 1937

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மழையில் நனைந்து வந்த சளியும் போய்விட்டது. உங்கள் இருவர் சுகத்துக்கும் பதில் எழுது.

முதலில் பச்சமுத்து. மாமாவைக் கேட்டேன். "வெண்ணந்தூரு ஆளு ஒருத்தன் இங்க வந்து எறங்கி, என் கடைக்கு வராம போவானா? ராசிபுரம், ஆட்டையாம்பட்டி ஆளுக அத்தன பேரும் மொதல்ல வந்து நிக்கறது இந்த வாசல்லதான். அப்படி ஒருத்தன் வரவே இல்ல மாப்ள" என்றார். விடாமல் கெமண்டைனுக்கும் போனேன். ஆற்றோரம் வரிசையாக மர மில்கள். யானை மாதிரி கட்டைகள் தண்ணீரில் கிடக்கின்றன. மூன்று மில்லில் நம் பக்கத்து ஆட்கள் இருந்தார்கள். பேச்சைக் கேட்டதும் சுற்றி நின்றுகொண்டு ஊரை விசாரித்தார்கள். பச்சமுத்துவை யாருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கு வேறு ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று கேள்.

இனி வேடிக்கை. என்னோடு படிக்கும் மவுங் தின் என்ற பர்மியப் பையன் போன வாரம் என்னைச் சீனத் தெருவுக்கு ஒரு கூத்துப் பார்க்கக் கூட்டிப்போனான். தெரு நடுவே மேடை. முகத்தில் வெள்ளையும் சிவப்பும் அப்பிக்கொண்டு, தாளத்தைக் காது கிழிய அடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். நம் ஊர்க் கூத்தைப் போலவே ராஜா வந்து தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்கிறார். கூட்டம் நெருக்கியடிக்கிறது. ஆனால் முன்வரிசை பெஞ்சு மட்டும் காலி. எனக்கு அதிர்ஷ்டம் என்று போய் உட்கார்ந்தேன்.

பாதிப் பாட்டில் ஒரு சீனக் கிழவர் வந்து என் முழங்கையைப் பிடித்து மெதுவாக எழுப்பினார். கோபமில்லை. தின் என்னைப் பின்னால் இழுத்துப் போய்ச் சொன்னான்: அந்த வரிசை செத்தவர்களுக்காம். இந்த மாதம் அவர்கள் வெளியே வருவார்களாம். அதிலும் சோறு தண்ணீர் காட்ட ஆளில்லாமல் செத்தவர்களுக்காகவே இந்தக் கூத்து.

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நான் கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார்ந்தேன் அக்கா. பக்கத்தில் இருப்பவருக்கு இடம் விட வேண்டும் என்று. அப்போது அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை.

அப்பாவுக்கு என் வணக்கம்.

அருணகிரி

*

வெண்ணந்தூர்,
9 செப்டம்பர் 1937

சிரஞ்சீவி அருணகிரிக்கு,

நலம். உன் நலமே எங்களுக்கு வேண்டும்.

அப்பாவைக் கேட்டேன். கங்காணி அவனை ரங்கூனில் இறக்கவில்லை, மௌல்மீனுக்குக் கொண்டுபோய்விட்டான் என்கிறார். போன கடிதத்தில் கெமண்டைன் என்றீர்களே என்றதற்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "படிக்கப் போனவன் படிக்கட்டும். ஆளு தேடறதுக்கா அனுப்புனேன்?"

செத்தவர் பெஞ்சில் எல்லாம் உட்காராதே. அங்காளம்மன் கோயில் திருநீறு வைத்திருக்கிறேன். கடிதத்தோடு மடித்திருக்கிறேன், பூசிக்கொள்.

அக்கா

*

ரங்கூன்,
6 நவம்பர் 1937

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். பரீட்சை இருந்ததால் எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உங்கள் சுகம் அறிய ஆவல்.

இவர்களுடைய விரத மாதங்கள் போன பௌர்ணமியோடு முடிந்தன. அன்று ஊர் முழுக்க விளக்கு. வீடு, படகு, மரக்கிளை எதையும் விடவில்லை. அதிலிருந்து ராத்திரிதோறும் எங்காவது 'பொவே'. திறந்த வெளியில் மேடை போட்டு விடிய விடிய ஆட்டம். குடும்பத்தோடு பாய், தலையணை, சோற்றுப் பானை எல்லாம் கொண்டுவந்துவிடுகிறார்கள். கோமாளி வரும்போது குழந்தைகளை எழுப்புகிறார்கள், ராஜா வந்து அழும்போது தூங்கிவிடுகிறார்கள். வட்டமாகக் கட்டிய மேளங்களுக்கு நடுவே ஒருவன் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி அடிக்கிறான். எத்தனை நாள் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று பல நாள் யோசித்தேன்.

தின்னின் அத்தை வீடு கெமண்டைனில் இருக்கிறது. அங்கே ஒரு வேண்டுதலுக்காக 'நாட்' கும்பிடும் பொவே வைத்தார்கள். நாட் என்பவை இவர்களுடைய தெய்வங்கள். நம் அருள் வந்து ஆடுவது போலவே சாமியாடுகிற பெண் ஒருத்தி வருகிறாள். தின்னிடம் இந்தத் தெய்வங்கள் யார் என்று கேட்டேன். எல்லோரும் ஒரு காலத்தில் மனிதர்கள்தான் என்றான். அடிபட்டும் எரிந்தும் விழுந்தும் அகாலமாகச் செத்தவர்கள். நல்ல சாவு செத்தவன் நாட் ஆக முடியாது.

பந்தலில் வாழைத்தார், சிவப்புத் துணி கட்டிய தேங்காய், விளக்கு. சாமியாடும் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். மேளம் ஏற ஏற ஆடினாள், சிரித்தாள், கூட்டத்தில் ஒவ்வொருவராக அழைத்துக் குறி சொன்னாள். எல்லாம் பர்மா பாஷை. நான் கடைசியில் ஒரு கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தேன்.

மேளம் நின்ற ஒரு நேரத்தில் அவள் என்னை நோக்கி நடந்து வந்தாள். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, எதையோ சுமப்பவளைப் போல. குரல் மாறவில்லை அக்கா. பெண் குரல்தான். வார்த்தைகள் மட்டும் நம்முடையவை.

"ஏனுங் சின்னப் பண்ணாடி, என்னைய இங்கியா தேடறீங்க?" என்றாள்.

யார் என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா தெரியவில்லை.

"நான் கடலே பாத்ததில்லீங்களே. ஊட்டுக்கும் போவல, ஊரத் தாண்டியும் போவல. தல மேல கல்லுக் கெடக்குதுங்க சாமி."

தின் என் கையைப் பிடித்து, என்ன சொல்கிறாள் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் இன்னும் கிட்டே வந்தாள். "பொறந்தது பையனுங்களா, புள்ளைங்களா?"

"பையன். நடக்கிறான்" என்றேன். அத்தாயி சொல்லச் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன்.

அவள் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகும் ஏதோ பேசினாள். மேளம் தொடங்கிவிட்டதால் சரியாகக் காதில் விழவில்லை.

எனக்குக் காய்ச்சலா என்று மாமா கேட்டார். இல்லை. நான் குடிக்கவும் இல்லை, தூங்கவும் இல்லை. உடனே பதில் எழுது.

அருணகிரி

*

ரங்கூன்,
12 டிசம்பர் 1937

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவதா? ஒரு வரி எழுதினாலும் போதும். நான் சுகம் என்றே சொல்லவேண்டும். சாப்பிடுகிறேன், கல்லூரிக்குப் போகிறேன்.

அன்று கண்டது என் புத்தியின் கோளாறா என்று பார்த்துவிட முடிவு செய்தேன். அந்தப் பெண் பேர் மா மியா. பகலில் கெமண்டைன் சந்தையில் சுருட்டு விற்கிறவள். தின்னோடு போனேன். வெயிலில் பார்த்தால் சாதாரணப் பெண்பிள்ளை, கல்லாப் பெட்டிமேல் பூனைக்குட்டி தூங்குகிறது. நான் தமிழில் பேசிப் பார்த்தேன். அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தின் மூலம் கேட்டேன். அன்று ராத்திரி பேசியது எதுவும் நினைவில்லையாம்.

"ஆனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் வாயில் மண் ருசி போகவே இல்லை. சோறு இறங்கவில்லை" என்றாளாம்.

நாங்கள் கிளம்பும்போது கூப்பிட்டு, அன்றைக்கு என்னோடு வந்திருந்த மற்றவன் இன்று ஏன் வரவில்லை என்று கேட்டாள். அன்று என்னோடு வந்தவன் தின் மட்டும்தான் அக்கா. அவனோ அவள் எதிரிலேயே நிற்கிறான். தின் அதைச் சொன்னதும், அவள் இனி இந்தக் கடைப்பக்கம் வரவேண்டாம் என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இப்போது நான் ராத்திரியில் வெளியே போவதில்லை. சன்னலுக்குக் கீழே கிராமபோன் பாடுகிறது. அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன்.

பதில் எழுது.

அருணகிரி

*

வெண்ணந்தூர்,
27 டிசம்பர் 1937

சிரஞ்சீவி தம்பிக்கு,

எல்லோரும் நலம். மழை நன்றாகப் பெய்தது. சோளம் அறுத்தாயிற்று. காரி மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

உன் நவம்பர் கடிதத்தை வழக்கம்போல அப்பாவுக்குப் படித்தேன். வேடிக்கை என்று நினைத்துப் படித்துக்கொண்டே போனேன். நிறுத்த வேண்டிய இடம் எனக்குத் தெரியவில்லை. படித்து முடித்து நிமிர்ந்தபோது அப்பா கட்டிலில் இல்லை. கண் தெரியாதவர், கைத்தடிகூட இல்லாமல் மேற்குத் தோட்டத்துப் பக்கம் போயிருந்தார்.

அதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. வேறொன்றும் இல்லை. பயப்படாதே. அந்த மாதிரி இடங்களுக்குப் போகாதே. இதைப் பற்றி மாமாவிடம் பேசாதே.

அத்தாயியின் பையனுக்கு மாரியப்பன் என்று பேர். கேட்கவில்லை நீ, ஆனாலும் எழுதுகிறேன்.

அக்கா

*

ரங்கூன்,
10 ஜனவரி 1938

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. கன்று போட்டதை எழுதியிருக்கிறாய். அப்பா ஏன் மேற்குத் தோட்டத்துக்குப் போனார் என்று எழுதவில்லை.

நான் ஹாஸ்டலிலிருந்து 1936-இல் கோடை லீவுக்கு வந்தபோது மேற்குத் தோட்டத்துக் கிணறு மூடியிருந்தது. வெடி வைத்து ஆழப்படுத்தியபோது சுவர் சரிந்துவிட்டது, இனி உதவாது என்று அப்பா சொன்னார். நானும் சரி என்றேன். பச்சமுத்து ரங்கூன் போனதும் அதே கோடைதான், இல்லையா?

அக்கா, என்னால் இதற்குமேல் எழுத முடியவில்லை. அவர் நம் அப்பா. நீயே கேள்.

அருணகிரி

*

வெண்ணந்தூர்,
6 பிப்ரவரி 1938

சிரஞ்சீவி அருணகிரிக்கு,

எனக்கு உடம்பு சுகம்தான். நீ தைரியமாக இரு. உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதம் வந்த அன்றும் அப்பா மேற்குத் தோட்டத்தில்தான் இருந்தார். பின்னால் போனேன். கிணறு இருந்த இடத்தில் ஆவாரஞ்செடி முளைத்துக் கிடக்கிறது. அதன் நடுவே உட்கார்ந்து தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். "பையன்னு சொல்லிட்டிருக்கறேன்" என்றார்.

அப்புறம் எல்லாம் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"லைசென்சு இல்லாத வெடிமருந்து. ஆளு அம்பு வேண்டாம்னு நானும் பச்சமுத்தும் மட்டுந்தான் குழி போட்டோம். திரியப் பத்த வெச்சா, ஒண்ணு வெடிக்கல. எறங்கிப் பார்றான்னேன். வேண்டாம் பண்ணாடி, பொழுது எறங்குது, நாளைக்குப் பாத்துக்கலாம்னான். பயந்தாங்கொள்ளி, எறங்குடான்னேன். எறங்குனான். அவன் அடிக்குப் போனப்பறந்தான் அது வெடிச்சுது. மேலண்டைச் செவுரு மொத்தமா வந்திருச்சு."

அதோடு முடிந்தது என்றார். அத்தாயி அப்போது பிரசவத்துக்கு நாமகிரிப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கேட்க ஆளில்லை. போலீசுக்குப் பயந்து, கிணற்றை மூடிவிட்டு, அவனை ரயிலேற்றிவிட்டதாக ஊரில் சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து நான் அடுப்பு மூட்டவில்லை. காலையில் அப்பாவைக் கையைப் பிடித்து மணியக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்று சொல்வார் என நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றார்.

பிறகு அத்தாயியின் குடிசைக்குப் போய்ச் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், "அப்போ கெமண்டைன்ல இல்லீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அவரைய எடுத்துக் குடுத்துருங்க சாமி" என்றாள். அவ்வளவுதான்.

போலீஸ் வந்தது. ஊர் ஆண்கள் தோண்டினார்கள். மண்ணைவிடக் கல்தான் அதிகம். கடைசியில் கிடைத்தான். இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே, ஓரமாக, உட்கார்ந்த வாக்கில் இருந்தான். அத்தாயியைப் பார்க்க விடவில்லை. எடுத்துத் துணியில் கட்டித்தான் கொடுத்தார்கள். மாரியப்பனைத் தூக்கிக்கொண்டு கொள்ளி வைக்கச் செய்தார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது அத்தாயி என்னைக் கேட்டாள், "அப்பவே போயிட்டாருங்களா?" என்று. அப்பவேதான் என்றேன்.

அப்பாவைச் சேலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊரில் எனக்குத் தண்ணீர் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், முகத்தைத் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள். நீ பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வராதே.

அக்கா

*

ரங்கூன்,
20 பிப்ரவரி 1938

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மாமாவும் நானும் சேர்ந்து படித்தோம். மாமா கடையைச் சாத்திவிட்டார். நான் சுகமா என்று கேட்காதே. நீ தனியாக அந்த வீட்டில் எப்படி இருக்கிறாய்?

உனக்கு ஒன்றை மறைத்துவிட்டேன். மேளச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று நவம்பரில் எழுதினேனே, அது பொய். மா மியா சொன்னது முழுக்கக் கேட்டது. அந்தக் கடிதத்தை நீ அப்பாவுக்குப் படிப்பாய் என்பதால் எழுதவில்லை. எழுதக் கை வரவும் இல்லை.

"நெம்ப நேரம் கூப்பிட்டேனுங்க. பண்ணாடி மேலதான் நின்னிருந்தாருங்க. கல்லுச் சந்துல அவரு நெழலு தெரிஞ்சுதுங்க."

இதைத்தான் சொன்னாள்.

உட்கார்ந்த வாக்கில் இருந்தான் என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல் நசுக்கி அப்போதே செத்தவன் எப்படி உட்கார்ந்திருப்பான்? அக்கா, அப்பாவைக் கேட்டுப் பார். சிறையில் போய்க் கேள். இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் நான் நம்பிவிடுகிறேன்.

பரீட்சை முடிந்ததும் முதல் கப்பலில் வருகிறேன். வந்தால் அத்தாயி என் முன்னால் நிற்பாள். அவளிடம் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

அருணகிரி

*

வெண்ணந்தூர்,
8 மார்ச் 1938

சிரஞ்சீவி தம்பி அருணகிரிக்கு,

அக்கா நலமாகவே இருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்து ராஜம்மாள் ராத்திரி துணைக்கு வந்து படுத்துக்கொள்கிறாள். மாமாவைக் கடையைத் திறக்கச் சொல்லு.

அப்பாவைப் போய்க் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. ஆவாரஞ்செடி நடுவே உட்கார்ந்திருந்த அன்றே அவர் எனக்குச் சொல்லிவிட்டார். நானும் உனக்கு மறைத்துவிட்டேன்.

கல் விழுந்து புழுதி அடங்கியதும் அடியிலிருந்து சத்தம் வந்ததாம். பண்ணாடி, பண்ணாடி என்று. அப்பா ஆள் கூட்டிவர ஓடினாராம். மணியக்காரர் வீட்டுக் கூரை கண்ணில் பட்டதும் கால் நின்றுவிட்டதாம். மருந்து எங்கே வாங்கினாய் என்று கேட்பார்களே என்று அங்கேயே நின்று யோசித்தாராம். திரும்பிப் போய்க் கிணற்று மேட்டில் நின்றிருக்கிறார். "சத்தம் அடங்கனதுக்கப்பறந்தான் கண்ணு மண்ணத் தள்ளுனேன். அடங்கறதுக்கு முன்னால தள்ளல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அது ஒன்றையாவது நான் நம்ப வேண்டும் என்று அவருக்கு இருந்தது. நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அத்தாயியிடம் சொன்ன பொய்யை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நீயும் வந்து அதையே சொல்வாய், அவளும் கொஞ்சம் நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தேன். உன் கடிதம் வந்த பிறகு முடியவில்லை. செத்தவன் கடல் தாண்டிப் போய்ச் சொன்ன வார்த்தையை நான் யார் அமுக்கி வைக்க?

அத்தாயி இப்போது நாமகிரிப்பேட்டையில் அம்மா வீட்டோடு இருக்கிறாள். நேற்று வண்டி கட்டிக்கொண்டு போனேன். உச்சி வெயில். வாசலில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பையன் தொட்டியில் தண்ணீர் அடித்து விளையாடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். அப்பா சொன்னதையும் சொன்னேன். அன்று அவளிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் போனேன்.

அவள் கையில் எடுத்த காயை உடைக்காமல் வைத்திருந்தாள். "எனக்கும் கேட்டுச்சுங்க" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"பையன் பொறந்த அன்னிக்கு, பொழுது எறங்கற நேரமுங்க. இந்த ஊட்டுக்குள்ளதான் படுத்திருந்தேன். அவரு என்னையப் பேர் சொல்லிக் கூப்பட மாட்டாரு, ஏ புள்ளைன்னுதான் கூப்புடுவாரு. அதே கொரலுங்க. ஏ புள்ள, ஏ புள்ளன்னு. எந்திரிச்சு வாசப்படி வரைக்கும் வந்துட்டேன். பச்ச ஒடம்புக்காரி எங்கடி போறேன்னு எங்கம்மா கதவச் சாத்தித் தாப்பாளப் போட்டுருச்சுங்க. வெண்ணந்தூர்ல இருக்கறவரு இங்க எப்படிக் கூப்புடுவாரு, கெறக்கமா இருக்கும்னு நானும் படுத்துக்கிட்டேன். கொஞ்சங் கொஞ்சமா அடங்கிப் போச்சுங்க."

உள்ளே அவள் அம்மா அடுப்படியில் இருந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவள் முழங்காலில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. அப்பா கோர்ட்டில் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்வாரோ மாட்டாரோ தெரியாது, அவர் சொல்லாவிட்டால் நான் கூண்டேறிச் சொல்வேன் என்றேன்.

"நீங்க சொல்றது பண்ணாடி சொல்லக் கேட்டதுதானுங்களே" என்றாள். "நான் வாரேனுங்க. என் காதுல கேட்டுச்சு. அவரு கூப்பிட்டாருன்னு நான் சொல்றேன்."

நாமகிரிப்பேட்டையில் இருந்தவளுக்கு வெண்ணந்தூர்க் கிணறு எப்படிக் கேட்கும் என்று வக்கீல் சிரிப்பான். அதையும் சொன்னேன்.

"சிரிக்கட்டுங்க" என்றாள்.

வருகிற வியாழக்கிழமை கேஸ். விடிவதற்கு முன்பே வண்டி கட்டி அவளைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் போகிறேன். நீ நன்றாகப் பரீட்சை எழுது. கப்பலில் வெறும் வயிற்றோடு படுக்காதே.

அன்புள்ள அக்கா,
மயிலம்மாள்